எண்ணிலிருந்து பெயருக்கு

உரைநடை உலகம்

நுழையும்முன்

போரில் இறந்தவரை ஊர் நினைவில் வைத்துப் போற்றுகிறது. போருக்குச் சென்றவர் என்ன ஆனார் என்பதே தெரியாதபோது அவரை எப்படி நினைப்பது? தாளில் ஓர் எண்ணாக மட்டும் எஞ்சிய மனிதருக்கு அவருடைய பெயரையும் ஊரையும் மீட்டுத் தருவது ஆவண ஆய்வின் பணிகளுள் ஒன்று. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு, காணாமற்போன படைவீரரைத் தேடும் முறையையும் அதற்குரிய அறத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

மணிக்கூண்டு சொல்லும் கணக்கு

வேலூரின் லாங்கு பஜார் நாள்தோறும் மக்கள் நெரிசலில் திணறும் கடைத்தெரு. காய்கறி மூட்டைகளும் பூக்கூடைகளும் தள்ளுவண்டிகளும் நிறைந்த அத்தெருவில் பழைய மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதில் பதிக்கப்பட்டுள்ள ஆங்கிலக் கல்வெட்டு ஒரு கணக்கைச் சொல்கிறது. 1914 முதல் 1918 வரை நடைபெற்ற பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர். அவர்களுள் 14 பேர் உயிர்நீத்தனர் என்பதே அக்கணக்கு.

கல்வெட்டில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு பெயரும் இல்லை. அந்தப் பதினால்வர் யார்? எந்தத் தெருவில் பிறந்தவர்கள்? எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார்கள்? எந்த நாட்டில் வீழ்ந்தார்கள்? அவர்களுக்குக் கல்லறை உண்டா, அல்லது உடலே கிடைக்கவில்லையா? கூண்டைக் கடந்து செல்லும் எவருக்கும் இக்கேள்விகளுக்குக் கல்லிலிருந்து விடை கிடைக்காது.

படையில் சேர்வது இவ்வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கின்றனர். இப்படிப்பட்ட மண்ணில், போருக்குச் சென்று திரும்பாதவரைத் தேடும் முயற்சி ஒரு குடும்பத்தின் கவலையோடு முடிந்துவிடுவதில்லை. அஃது ஊரின் வரலாற்றை எழுதும் பணியும் ஆகும்.

கல்லில் நின்ற பெயர்

வீழ்ந்த வீரனைப் பதிவுசெய்யும் மரபு தமிழருக்குப் புதியதன்று. வீரனுக்குக் கல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாகப் பகுத்துத் தொல்காப்பியம் புறத்திணையியலில் இலக்கணம் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதுவரை அம்முறை விரிகிறது.

பழைய வடார்க்காட்டுப் பகுதி நடுகற்கள் மிகுந்த நிலம். அப்பகுதியைச் சேர்ந்த செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்டவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. ஆம்பூரிலும் 9ஆம் நூற்றாண்டின் நடுகற்கள் கிடைத்துள்ளன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அவை, ஆநிரை கவர வந்த நுளம்பன் படையை எதிர்த்து நிகழ்ந்த பூசலைக் குறிக்கின்றன.

நடுகல் ஒன்றை ஆவணமாகப் படித்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்று தொடங்கி, வீழ்ந்தவன் யாருடைய மகன் அல்லது யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எந்த ஊரில் எந்தப் பூசலில் வீழ்ந்தான் என்று கூறி, 'பட்டான்' என்னும் ஒற்றை வினையில் அது முடிகிறது. காலம், உறவு, பெயர், இடம், நிகழ்வு என்னும் ஐந்தும் ஒரு சிறு கல்லில் அடங்கிவிடுகின்றன. இன்று காணாமற்போன வீரரைத் தேடும் ஆய்வாளர் தேடுவதும் இந்த ஐந்தையே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரின் ஆநிரையைக் காத்தவனுக்குக் கிடைத்த இப்பதிவு, 20ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து சென்ற வீரர் பலருக்குக் கிடைக்கவில்லை.

தோலும் சென்றது; ஆளும் சென்றார்

முதல் உலகப்போர் தொடங்கியபோது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியிருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட மாட்டுத்தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியாயிற்று. படைவீரர் காலணியின் மேற்பகுதிக்கு இத்தகைய தோல் ஏற்றது என்பதால், போர்க்காலத்தில் அரசே அதைப் பிரித்தானியப் போர்த்துறைக்காகக் கொள்முதல் செய்தது.

தோல் சென்ற கப்பல்வழியே ஆள்களும் சென்றனர். அப்போரில் இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர்; ஏறத்தாழ 74,000 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தின் காலாட்படையினரும் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையினரும் இன்றைய ஈராக்காகிய மெசபொடோமியாவில் பணியாற்றினர். துப்பாக்கி ஏந்தியவர்களுடன் சமையலர், தண்ணீர் சுமப்போர், சுமைதூக்குவோர், சேணமும் காலணியும் தைக்கும் தோல்வினைஞர் ஆகியோரும் சென்றனர். 'படைசார் பணியாளர்' என்று ஒதுக்கப்பட்ட இவர்களைப் பற்றிய பதிவுகள் வீரர்களைப் பற்றியவற்றைவிடவும் குறைவு.

போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பேணுவதற்காக 1917 மே 21இல் ஏகாதிபத்தியப் போர்க்கல்லறை ஆணையம் அமைக்கப்பட்டது. பின்னர் அது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. பதவி, இனம், சமயம் எனும் வேறுபாடின்றி இறந்த ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி நினைவுகூர்வது அதன் கொள்கை. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட வேண்டும்.

பிரான்சிலுள்ள நூவ் சப்பேல் நினைவுச் சின்னம் 1927இல் திறக்கப்பட்டது. அங்கே கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. மெசபொடோமியப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,500க்கும் மேற்பட்டோரை அது நினைவுகூர்கிறது. ஆனால் அதன் பலகைகளில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்னும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். அவர்களுள் பலரின் பெயர்கள் ஏடுகளில் இருந்தன, கல்லில் ஏறவில்லை.

ஒரே ஆணையம், ஒரே போர். ஐரோப்பாவில் வீழ்ந்த சிப்பாய்க்குப் பெயர் கிடைத்தது. ஆசியப் பாலையில் வீழ்ந்தவருக்கு எண் கிடைத்தது. இவ்வேறுபாட்டை ஆணையமே பின்னாளில் ஆராய்ந்தது. 2021 ஏப்ரலில் வெளியான அதன் சிறப்புக் குழு அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சுட்டப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை கூறியது. ஆணையம் அதற்காக வருத்தம் தெரிவித்தது. விடுபட்ட பெயர்களைத் தேடும் பணி இப்போது நடைபெற்று வருகிறது.

'காணவில்லை' என்னும் சொல்

சண்டை ஓய்ந்ததும் படைப்பிரிவில் பெயர் அழைத்துக் கணக்கெடுப்பர். மறுமொழி தராதவர்களின் நிலை ஒன்றாக இருப்பதில்லை. உடல் கண்ணெதிரே கிடந்தால் அவர் இறந்தவர். மருத்துவ முகாமில் இருந்தால் காயமுற்றவர். பகைவர் பிடித்துச் சென்றதற்குச் சான்று இருந்தால் போர்க்கைதி. இம்மூன்றில் எதிலும் சேர்க்கச் சான்று இல்லாதபோது அவர் 'காணாமற்போனவர்' எனப் பதியப்படுகிறார். அவருடைய நிலை அறியப்படவில்லை என்பதே இச்சொல்லின் பொருள். இறப்பு உறுதியானதாக அதற்குப் பொருளில்லை.

காணாமற்போனோரின் எண்ணிக்கை சில போர்களில் இறந்தோரின் எண்ணிக்கையையும் விஞ்சிவிடும். 1962ஆம் ஆண்டு இந்திய - சீனப் போரில் இந்தியத் தரப்பில் 1,383 பேர் இறந்தனர். 1,696 பேர் காணாமற்போயினர் என்பது அரசின் கணக்கு. 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் காணாமற்போன 54 இந்திய வீரர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக இந்தியா நெடுங்காலமாகக் கூறிவருகிறது. பாகிஸ்தான் அதை மறுத்து வருகிறது. 2007இல் அவ்வீரர்களின் உறவினர் சிலர் பாகிஸ்தானுக்கே சென்று சிறைகளைப் பார்வையிட்டனர். அவர்கள் தேடிய விடை கிடைக்கவில்லை.

வீட்டில் காத்திருப்போருக்கு இச்சொல் தரும் துயரம் தனித்தன்மை உடையது. இறந்தவருக்குச் சடங்கு உண்டு. ஆண்டுதோறும் திதி உண்டு. தொழுகையில் வேண்டுதல் உண்டு. காணாமற்போனவருக்கு எந்த நாளில் விளக்கேற்றுவது? அவருடைய மனைவி நெற்றிப் பொட்டை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று ஊர் பேசும். நிலத்தைப் பங்கு பிரிக்க முடியாது. குடும்ப ஓய்வூதியம் பெறுவதிலும் சிக்கல் எழும்.

சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை எனில், அவர் உயிரோடு இருக்கிறார் என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்நெறி, 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. சட்டத்தின் இந்த ஊகம் சொத்துச் சிக்கலைத் தீர்க்கும். 'அவருக்கு என்ன நேர்ந்தது?' என்னும் கேள்வியை அது தீர்ப்பதில்லை. தம் உறவினரின் நிலையை அறிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை என்று 1977ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறை கூறுவது இதனால்தான்.

தேடலின் படிகள்

தேடல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் உலகப்போருக்குச் சென்று திரும்பாத 'ஆறுமுகம்' என்னும் வீரர் ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். அவருடைய குடும்பத்தின் பழைய பெட்டியில் ஒரு பதக்கமோ வெண்கல வட்டோ இருக்கலாம். முதல் உலகப்போரில் வழங்கப்பட்ட பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியன சிற்றெழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவரின் குடும்பத்திற்கு அனுப்பப்பட்ட வெண்கல நினைவு வட்டில் பதவி குறிக்கப்படாமல் பெயர் மட்டும் இருக்கும். பளபளப்பாக்கும் எண்ணத்தில் இவற்றைப் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும், ஆவணம் அழிந்துவிடும்.

அடுத்த படி, படைப்பிரிவை உறுதிசெய்வது. அக்காலத்தில் வீரருக்குரிய எண் அவரது படைப்பிரிவுக்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. ஒரே எண் வேறொரு பிரிவில் வேறொருவருக்கும் இருக்கும். எனவே, எண்ணையும் பிரிவையும் சேர்த்தே தேட வேண்டும். படைப்பிரிவின் பெயரும் மயக்கம் தரக்கூடும். '75ஆம் கர்நாடிக் காலாட்படை' என்பதைக் கண்டு கன்னட நாட்டுப் படை எனக் கருதிவிடக் கூடாது. 'கர்நாடிக்' என்பது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியை ஆங்கிலேயர் குறித்த பெயர். 1922இல் இத்தகைய படைகள் '3ஆம் மதராஸ் ரெஜிமெண்ட்' என்பதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பழைய பெயரையும் புதிய பெயரையும் அறியாதவர் பாதி ஆவணங்களைத் தவறவிடுவர்.

மூன்றாவது படி, படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு. ஒவ்வொரு படைப்பிரிவும் நாள்தோறும் எங்கே இருந்தது, என்ன செய்தது, எத்தனை பேரை இழந்தது என்பதை அலுவலர் ஒருவர் எழுதிவருவார். முதல் உலகப்போர்க் கால நாட்குறிப்புகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் இடம்பெறும். சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே குறிக்கப்படுவர். ஆயினும், ஆறுமுகத்தின் பிரிவு எந்த நாளில் எந்த ஆற்றங்கரையில் நின்றது என்பது அங்கே தெரிந்துவிடும்.

நான்காவது படி, அவர் கைதியாகியிருக்க வாய்ப்பு உண்டா எனப் பார்ப்பது. 1916 ஏப்ரல் 29இல் கூத் நகரம் வீழ்ந்தபோது ஏறத்தாழ 13,000 பேர் துருக்கியரிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் இந்தியர். போர்க்கைதிகளைப் பற்றிக் குடும்பங்களுக்குத் தெரிவிப்பதற்காகச் செஞ்சிலுவைச் சங்கம் 1914 ஆகஸ்டிலேயே ஜெனீவாவில் ஒரு முகமையை அமைத்திருந்தது. அது தொகுத்த பல இலட்சம் அட்டைகள் இன்று இணையத்தில் பார்வைக்கு உள்ளன.

ஐந்தாவது படி, போர்க்கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம். முதல் உலகப்போரைப் பொறுத்தவரை 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரையிலும், இரண்டாம் உலகப்போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தோர் அதில் அடங்குவர். இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலும் பர்மாவிலும் மறைந்தோரைத் தேடுவோர் இரண்டு நினைவுச் சின்னங்களை மறக்கலாகாது. ஒன்று, 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய சிங்கப்பூர் நினைவுச் சின்னம். மற்றொன்று, ஏறத்தாழ 27,000 பெயர்களைத் தாங்கிய இரங்கூன் நினைவுச் சின்னம்.

உள்நாட்டிலும் வாயில்கள் உண்டு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் மையமும், பெங்களூரில் மதராஸ் பொறியியல் படையின் மையமும் உள்ளன. புதுதில்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமும், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உள்ளன. விடுதலைக்குப் பிந்தைய வீரர்களைப் பற்றி அறிய, மாவட்டத் தலைநகரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் முதல் வழிகாட்டியாக அமையும்.

தெரிந்து தெளிவோம்

சென்னை நந்தம்பாக்கத்தில் மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் மதராஸ் போர்க் கல்லறை அமைந்துள்ளது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேரின் கல்லறைகள் அங்கு உள்ளன. அதன் பின்புறத்திலுள்ள நினைவுச் சின்னம், முதல் உலகப்போரில் இறந்து இந்தியாவின் பல்வேறு கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரத்தில் விடுதலைக்குப்பின் வீரமரணம் எய்திய 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தனித்தனிக் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயரும் ஊரும் மாறும்

தமிழ்ப் பெயரை ஆங்கிலேய எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். ஆறுமுகம் என்னும் பெயர் ஆர்முகம், அருமுகம், ஆர்மூகம் என்றெல்லாம் படிக்கத்தக்க எழுத்துக்கூட்டல்களில் காணப்படும். ழகரம் ஓரிடத்தில் லகரமாகவும் ஓரிடத்தில் யகரமாகவும் மாறும். இஸ்லாமியப் பெயர்களில் வேறொரு சிக்கல் எழும். 'ஷேக்', 'சையத்', 'அப்துல்' எனத் தொடங்கும் பெயரை ஓர் ஏடு முதற்சொல்லின்கீழ் வரிசைப்படுத்தும். மற்றோர் ஏடு இறுதிச் சொல்லின்கீழ் வைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி வீரர்களைத் தேடுவோர் இரு வழிகளிலும் தேடியாக வேண்டும்.

ஊரின் நிலையும் அவ்வாறே. இன்று ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டம் 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வேலூர் மாவட்டமோ 1989இல் பிரிக்கப்பட்ட வடார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. எனவே, பழைய ஏட்டில் 'திருப்பத்தூர் மாவட்டம், ஆம்பூர்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. 'வடார்க்காடு' என்றே தேட வேண்டும். 1911இல் வடார்க்காட்டின் வடபகுதி சித்தூர் மாவட்டமாகப் பிரிந்தது. சேலம் மாவட்டத்திலிருந்த திருப்பத்தூர் வட்டம் வடார்க்காட்டில் சேர்ந்தது. அதற்கு முன்பே படையில் சேர்ந்த திருப்பத்தூர்க்காரரின் ஊர்க்குறிப்பில் 'சேலம்' என்று இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மண்ணும் பனியும் கடலும் தரும் சான்று

ஏடுகள் முடிந்த இடத்தில் இயற்கை சில வேளைகளில் பேசுகிறது. பிரான்சின் ரிஷ்பூர் ஊரருகே மண்ணைத் தோண்டியபோது முதல் உலகப்போர்க் கால வீரர் இருவரின் எச்சங்கள் கிடைத்தன. சீருடையிலிருந்த '39' என்னும் உலோக எண்ணைக் கொண்டு அவர்கள் 39ஆம் கட்வால் துப்பாக்கிப் படையினர் என்று அறியப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் படைமரியாதையுடன் லாவென்டி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். படைப்பிரிவு தெரிந்தது, பெயர் தெரியவில்லை. இத்தகைய அகழ்வுகளில் காலணிகளும் கிடைப்பதுண்டு. ஈரமண்ணில் பதனிட்ட தோல் நெடுங்காலம் கெடாது கிடக்கும் என்பது தோல்தொழில் அறிந்த ஆம்பூர் மக்களுக்குப் புதிய செய்தியாக இராது.

1968 பிப்ரவரி 7இல் சண்டிகரிலிருந்து லே நோக்கிச் சென்ற விமானப்படையின் ஏ.என்.-12 விமானம் 102 பேருடன் இமயமலையில் மறைந்தது. 2003இல் மலையேறுவோர் அதன் சிதைவுகளைக் கண்டனர். 2024இல் மேலும் நால்வரின் உடல்கள் பனியிலிருந்து மீட்கப்பட்டன. 56 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களை அடையாளம் காண உதவியவை உடல்களோடு கிடைத்த தாள்களே. மலையும் பனியும் ஒரு தாளைக் காத்துத் தந்தன. அத்தாள் ஒரு மகனை ஊருக்குக் கொண்டுசேர்த்தது.

தமிழ்நாட்டுக் கடலும் ஒரு விடையைக் காத்து வைத்திருந்தது. 2016 ஜூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் காணாமற்போனது. பெருந்தேடலுக்குப் பின்னும் அப்போது எதுவும் கிட்டவில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி, சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம்பிடித்தது. அவை ஏ.என்.-32 வகை விமானத்தின் சிதைவுகளோடு ஒத்துப்போவதாகவும், அப்பகுதியில் வேறு விமானம் எதுவும் மறைந்ததாகப் பதிவு இல்லை என்றும் பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜனவரியில் அறிவித்தது. ஏழரை ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களுக்கு ஓர் இடம் தெரிந்தது.

ஆய்வாளரின் அறம்

விடை தேடும் குடும்பத்தின் ஏக்கம் ஆய்வாளரை அவசரப்படுத்தும். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக ஏட்டிலுள்ள ஓர் ஆறுமுகத்தை நம் ஆறுமுகமாக ஏற்றுக்கொண்டால், ஒரு குடும்பத்திற்குப் பொய்யான ஆறுதல் கிடைக்கும். மற்றொரு குடும்பத்தின் மகன் இன்னொருவராக மாறிவிடுவார். பெயரோடு தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, எண் ஆகியவற்றுள் வேறு இரண்டேனும் ஒத்துவராமல் முடிவுக்கு வரலாகாது. ஓர் ஏடு கூறுவதை அதனோடு தொடர்பில்லாத மற்றோர் ஏடு உறுதிப்படுத்துகிறதா எனவும் பார்க்க வேண்டும்.

வாய்மொழிச் செய்தியையும் உரிய இடத்தில் வைக்க வேண்டும். "தாத்தா பஸ்ராவில் இறந்தார்" என்று பாட்டி சொல்வது சான்றாகிவிடாது. எனினும் எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதை அது காட்டிவிடும். அச்சொல்லைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் குறித்துவைப்பது ஆய்வாளரின் கடமை. பாட்டியின் தலைமுறையோடு அச்செய்தி மறைந்தால் எந்தக் காப்பகமும் அதை மீட்டுத் தராது.

எல்லாத் தேடலும் வெற்றி பெறுவதில்லை. "இந்நாள்வரை இப்படைப்பிரிவுடன் இருந்தார்; இதற்குப்பின் பதிவு இல்லை" என்று எழுதி நிறுத்த வேண்டிய நிலையும் வரும். நேர்மையாக எழுதப்பட்ட அவ்வரி வீண்போவதில்லை. நாளை மற்றொருவர் அவ்விடத்திலிருந்து தொடங்குவார். செய்த தேடலையே மீண்டும் செய்து அவர் காலம் இழக்க மாட்டார்.

லாங்கு பஜார் மணிக்கூண்டின் கீழ் அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 14 என்னும் எண்ணுக்குப் பின்னால் பதினான்கு தாய்மார் வைத்த பதினான்கு பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் அவருடைய தந்தை பெயரோடும் தெருவோடும் வீழ்ந்த இடத்தோடும் சேர்த்து எழுத முடிந்தால், ஆம்பூரின் பல்லவர் காலக் கல் தன் வீரனுக்குச் செய்ததை இத்தலைமுறையும் செய்ததாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல், போர் நினைவுச் சின்னம் ஆகியவற்றுள் ஒன்றைப் பார்வையிட்டு, அதில் காலம், உறவு, பெயர், இடம், நிகழ்வு ஆகிய ஐந்தனுள் எவை பதிவாகியுள்ளன என்பதை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்தித்து நேர்காணல் செய்க. அவருடைய இசைவு பெற்ற செய்திகளை மட்டும் தொகுத்து எழுதுக.

3. உங்கள் ஊர் கடந்த நூறு ஆண்டுகளில் எந்தெந்த வட்டத்திலும் மாவட்டத்திலும் இருந்தது என்பதைக் கேட்டறிந்து காலக்கோடு வரைக.

4. 'எண்ணிக்கை வரலாறாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: 'காணாமற்போனவர்' என்று படைத்துறை ஒருவரை எப்போது பதிவு செய்கிறது?

சிறுவினா: நூவ் சப்பேல், பாஸ்ரா ஆகிய நினைவுச் சின்னங்களில் இந்தியச் சிப்பாய்கள் நினைவுகூரப்பட்ட முறைகளை ஒப்பிடுக.

நெடுவினா: காணாமற்போன படைவீரர் ஒருவரைத் தேடுவோர் கடக்க வேண்டிய படிகளையும் கைக்கொள்ள வேண்டிய அறத்தையும் பாடப்பகுதி கொண்டு விளக்குக.